ஓட்டிசமும் குருதிச் சான்றும்: ஒரு கருத்து மயக்கம்

ஓட்டிசம் உடைய குழந்தைகளின் குருதியில் மூளைக் கலங்களின் சிதைவைக் காட்டும் புரதங்கள் மிகுந்து காணப்படுகின்றன என்னும் கருத்து அண்மைக் காலத்தில் வலுப்பெற்று வருகின்றது. மருத்துவ ஆய்வேடுகளில் ‘தொடர்பு’ என்ற அடக்கமான சொல்லோடு புறப்படும் இக்கருத்து, செய்தித்தாள்களை அடையும்போது ‘காரணம்’ ஆகிவிடுகின்றது. பரிசோதனைகளை விற்போரின் கைக்கு வரும்போதோ, சிறிதளவு குருதியைக் கொண்டே பிள்ளையின் நிலையை அறிந்துவிடலாம் என்ற வாக்குறுதியாக மாறிவிடுகின்றது. ஆய்வாளர் சொல்லாத ஒன்றை விற்பனையாளர் சொல்வது புதிதன்று. ஆனால் இவ்விடயத்தில் ஆய்வாளருள் ஒரு சாராரும் பங்காளிகளே. ‘மூளைச் சேதம்’ என்ற தொடரை அவர்கள் கையாளும் எளிமை, அச்சொல்லின் வரலாற்றை அறிந்த எவரையும் திடுக்கிடச் செய்யும்.

முதலில் இப்புரதங்கள் யாவை என்பதை நோக்குதல் வேண்டும். நரம்புக் கலத்திலிருந்து நீண்டு செல்லும் இழைக்கு உள்ளிருந்து வலுவளிப்பவை நரம்பிழைகள். அவற்றின் கூறுகளுள் ஒன்று இலகு சங்கிலி எனப்படும் புரதம். நரம்புக் கலத்தின் இழை சிதையும்போது இப்புரதம் மூளைய முண்ணாண் பாய்பொருளினுட் கசிகின்றது. அதன் மிகச் சிறு பகுதி குருதியை அடைகின்றது. நரம்புக் கலங்களைச் சூழ்ந்து பேணும் உடுவுருக் கலங்களின் நார்ப்புரதம், எஸ்100பி என்னும் புரதம், நரம்புக் கலங்களுக்குரிய ஈனோலேசு என்னும் நொதியம் என்பனவும் இவ்வகையிற் பேசப்படுவன. குருதியிலுள்ள நரம்பிழைப் புரதம் பிக்கோகிராமில் அளக்கப்படுகின்றது. ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்காகும். மூலக்கூறுகளைத் தனித்தனியே எண்ணத்தக்க நுண்கருவிகள் 2010ஆம் ஆண்டளவில் தோன்றிய பின்னரே குருதியில் இதனை நம்பகமாக அளத்தல் இயல்வதாயிற்று.

இக்கருவிகளின் பயனை மறுப்பார் இலர். இயக்க நரம்புக் கலங்கள் மடிந்து தசைகள் செயலற்றுப்போகும் கொடிய நோயின் பரம்பரை வகையொன்றுக்கான மருந்தை, 2023 ஏப்ரலில், ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம் அனுமதித்தது. குருதியில் நரம்பிழைப் புரதம் குறைந்தமையே அவ்வனுமதிக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. 2018இல், தலையில் அடிபட்ட வயது வந்தோருள் எவருக்கு ஸ்கான் படம் தேவையில்லை என அறிவதற்கு இரண்டு புரதங்களை அளக்கும் குருதிப் பரிசோதனையொன்றும் அங்கீகாரம் பெற்றது. அவ்விடங்களில் வினா தெளிவானது. கலங்கள் மடிகின்றன என்பதோ, தலை அடிபட்டது என்பதோ வேறு வழியால் முன்னரே அறியப்பட்டுள்ளது. அளவீடு அதன் கடுமையைச் சொல்கின்றது. ஓட்டிசத்தைப் பொறுத்தவரை அந்த முன்னறிவு இல்லை. அளவீட்டைக் கொண்டே சேதம் ஊகிக்கப்படுகின்றது. ஊகிக்கப்பட்ட சேதத்தைக் கொண்டு நிலை விளக்கப்படுகின்றது. இவ்வட்டத்தினுட் புகுந்தவர் வெளியேறுவது கடினம்.

ஓட்டிசம் பற்றிய இவ்வகை ஆய்வுகள் பல, பக்கத்துக்குச் சில பத்துக் குழந்தைகளைக் கொண்டவை. ஒரு பக்கத்துச் சராசரி மற்றப் பக்கத்துச் சராசரியிலும் உயர்ந்திருப்பின், அது கண்டுபிடிப்பாக வெளியிடப்படுகின்றது. முடிவுகளோ ஒருமுகப்பட்டவை அல்ல. அவை ஒருமுகப்பட்டிருப்பினும், உயர்ந்த அளவு எதனால் உயர்ந்தது என்ற வினா எஞ்சி நிற்கும். நரம்பிழைப் புரதத்தின் அளவு பச்சிளம் பருவத்தில் மிகுந்திருந்து, பிள்ளைப் பருவத்திற் படிப்படியாகக் குறைந்து, முதிர்ந்த வயதில் மீண்டும் ஏறுவது. எனவே ஒப்பிடப்படும் இரு கூட்டத்தாரின் வயதில் உள்ள சிறு வேறுபாடும் புரதத்தில் வேறுபாடாகத் தோன்றலாம். உடற்பருமன் கூடியோரிடத்து அளவு குறைவாகக் காணப்படுகின்றது. சிறுநீரகத்தின் தொழிற்பாடும் அளவை மாற்றுகின்றது. கைகால்களின் நரம்புகளிலிருந்தும் இதே புரதம் குருதிக்கு வருகின்றது. எஸ்100பி மூளைக்கு மட்டும் உரியதன்று; கொழுப்புக் கலங்களிலும் உண்டு, கடும் உடலுழைப்பின் பின் உயர்வதும் உண்டு. ஈனோலேசு செங்குருதிக் கலங்களில் நிறைந்துள்ளது. குழாயில் அக்கலங்கள் சிறிது உடைந்தாலே அளவு ஏறிவிடும். ஊசியைக் கண்டு அஞ்சிப் போராடும் ஐந்து வயதுப் பிள்ளையிடமிருந்து, இருவர் பிடித்திருக்க எடுக்கப்பட்ட குருதியையும், அமைதியாகக் கைநீட்டிய பிள்ளையின் குருதியையும் அருகருகே வைத்து ஒப்பிடுவோர், தாம் அளந்தது அப்போராட்டத்தை அன்று என்பதை முதலில் நிறுவுதல் வேண்டும். ஓட்டிசம் உடையோருட் கணிசமானோர்க்கு வலிப்பும் உண்டு என்பதையும், வலிப்பு தன்னளவிலேயே இப்புரதங்களை உயர்த்தக்கூடும் என்பதையும் இதனோடு சேர்த்தல் வேண்டும்.

இவையெல்லாம் திருத்தத்தக்க குறைகள் எனலாம். பெரிய ஆய்வுகள் வந்தால் தீரும் எனலாம். தீரட்டும். ஆயினும் கணக்கு ஒன்று உண்டு. அதை எப்பெரிய ஆய்வும் மாற்றாது. ஓட்டிசம் உடையோரில் 100க்கு 80 பேரைக் கண்டறிவதும், இல்லாதோரில் 100க்கு 80 பேரை இல்லை எனச் சரியாகக் கூறுவதுமான ஒரு குருதிப் பரிசோதனையைக் கற்பனை செய்க. ஆய்வேடுகளில் இத்தகைய எண்கள் மெச்சத்தக்கனவாகவே எழுதப்படும். 100 குழந்தைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் உண்டு எனக் கொண்டு, 10,000 குழந்தைகளின் குருதியை இதனாற் பரிசோதித்தால் நிகழ்வது யாது? ஓட்டிசம் உடைய 100 பேரில் 80 பேர் பிடிபடுவர். இல்லாத 9,900 பேரில் 1,980 பேரும் பிடிபடுவர். ஆக 2,060 வீடுகளுக்குச் செய்தி போகும். அவற்றுள் 80 வீடுகளுக்குப் போன செய்தியே மெய்யானது. எஞ்சிய 1,980 வீடுகளிற் பிள்ளையின் மூளை சிதைகின்றது என்ற அச்சம் புகும். ஒரு கூட்டத்தின் சராசரிக்கும் ஒரு பிள்ளையின் நிலைக்கும் இடையிலுள்ள தூரம் இதுவே. புள்ளிவிபரவியலின் முதலாண்டு மாணவர் அறிந்த இவ்வுண்மையை, ஆய்வுக் கட்டுரையின் இறுதிப் பந்தியில் ‘நோய் நிர்ணயத்துக்குப் பயன்படலாம்’ என்று எழுதுவோர் ஏன் மறந்துவிடுகின்றனர் என்பது அறிதற்கரியது.

சேதம் என்ற கருத்தே ஓட்டிசத்துக்குப் பொருந்துமா என்பது இதனினும் ஆழமான வினா. 2011இல் ஐக்கிய அமெரிக்காவில், இறந்த ஏழு ஓட்டிசச் சிறுவரின் முன்மூளைப் பகுதியை வேறு ஆறு சிறுவரின் மூளையோடு ஒப்பிட்டு எண்ணியபோது, ஓட்டிசம் உடையோரிடம் நரம்புக் கலங்கள் 67 சதவீதம் மிகுதியாக இருந்தன. கலங்கள் மடிந்துள்ளன என்று தேடுவோர்க்கு அங்கே கலங்கள் கூடியே இருந்தன! 2014இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில், வளரும் மூளை தன் நரம்பிணைப்புக்களைக் கத்தரித்துக் குறைக்கும் செயல் ஏனைய பிள்ளைகளிற் பாதியளவுக்கு நிகழ, ஓட்டிசம் உடையோரில் 16 சதவீதமளவே நிகழ்ந்திருந்தமை தெரிந்தது. இவையும் சிறிய ஆய்வுகளே. இவற்றையும் அளவுக்கு மீறி நம்புதல் தகாது. சிறுமூளையிற் சிலவகைக் கலங்கள் குறைந்திருத்தல் 1985இலேயே கண்டறியப்பட்டதும் உண்மை. ஆனால் அக்குறைவு பிறப்புக்கு முந்திய வளர்ச்சிக் காலத்துக்குரியதென்றே அதனைக் கண்டோர் கருதினர். கருவில் நிகழ்ந்த ஒன்றுக்கு ஐந்தாம் வயதின் குருதி சாட்சி சொல்ல இயலாது. குருதியில் இன்று காணப்படும் புரதம் அண்மையில் வந்த புரதம். அது சேதத்தைக் காட்டுமாயின், இன்றும் நடந்துகொண்டிருக்கும் சேதத்தையே காட்டவேண்டும். அவ்வாறாயின் பிள்ளை நாளுக்குநாள் தேய்ந்துவர வேண்டும். பெரும்பாலான ஓட்டிசக் குழந்தைகளோ தம் கதியில் வளர்கின்றனர். பேசாதிருந்தோர் பேசுகின்றனர், பழகாதிருந்தோர் பழகுகின்றனர். மடியும் மூளை இவ்வாறு நடந்துகொள்வதில்லை.

ரெற் நோய்க்குறி பற்றிய வரலாறு இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. பெண் குழந்தைகளிடத்தே பெரிதும் காணப்படும் அந்நிலை ஒரு காலத்தில் ஓட்டிசத்தோடு ஒரே வகுப்பில் வைத்து எண்ணப்பட்டது. கற்றவற்றைப் பிள்ளை இழப்பதைக் கண்டோர், நரம்புக் கலங்கள் அழிகின்றன, மீட்சியில்லை என்றனர். 1999இல் அதற்குக் காரணமான பரம்பரையலகு கண்டறியப்பட்டது. 2007இல் எடின்பரோவில் அட்ரியன் பேர்டின் குழுவினர், அப்பரம்பரையலகு செயலிழந்த எலிகளில் அதனை மீளச் செயற்படச் செய்தபோது, நோய் முற்றியிருந்த எலிகளும் தேறின. கலங்கள் அழிந்திருக்கவில்லை, செயற்பட இயலாது இருந்தன. சிதைவு என்று உறுதியாக நம்பப்பட்ட இடத்திலேயே சிதைவு இருக்கவில்லையெனின், ஊகத்தளவில் நிற்கும் ஓட்டிசத்தில் அச்சொல்லைக் கையாளும்போது எத்துணை எச்சரிக்கை வேண்டும்!

‘மூளைச் சேதம்’ என்ற சொல் முன்னரும் ஒருமுறை இவ்வாறு துர்ப்பிரயோகம் செய்யப்பட்டது. 1940களில் அல்பிரட் ஸ்ட்ராவுசும் அவர் வழிவந்தோரும், அமைதியின்றி ஓடித்திரியும், கவனம் சிதறும் பிள்ளைகளை ‘மூளை காயமுற்ற குழந்தைகள்’ என அழைத்தனர். காயம் கண்ணுக்குத் தெரியாதபோது நடத்தையே காயத்துக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. பின்னர் ‘மிகச் சிறிய மூளைச் சேதம்’ என்ற பெயர் பரவியது. சிறிது என்பது யாதெனின், காண இயலாதது என்பதே. 1962இல் ஒக்ஸ்போர்ட்டிற் கூடிய மருத்துவர்கள், நடத்தையை மட்டும் கொண்டு சேதத்தை ஊகித்தல் தகாது என்று கூறி, அச்சொல்லைக் கைவிடுமாறு வேண்டினர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அப்பெயரைச் சுமந்த பின்னரே அது நிகழ்ந்தது. அன்று நடத்தையைக் கொண்டு சேதம் ஊகிக்கப்பட்டது. இன்று புரதத்தைக் கொண்டு ஊகிக்கப்படுகின்றது.

சொல் ஒன்றுதானே, அதனால் என்ன கேடு எனக் கேட்கலாம். சேதம் என்றவுடன் எவர் சேதப்படுத்தினார் என்ற வினா எழுகின்றது. அவ்வினாவுக்கு இதுகாறும் கிடைத்த விடைகளின் பட்டியல் பெருமைக்குரியதன்று. 1943இல் பால்ரிமோரில் லியோ கன்னர் ஓட்டிசத்தை முதன்முதல் விரித்து எழுதியபோது அதனைப் பிறவியிலேயே உள்ளதாகக் கருதினார். ஆறு ஆண்டுகள் கழித்து, குளிர்சாதனப் பெட்டியில் வைக்கப்பட்டாற்போல் இக்குழந்தைகள் அன்பின்றி வளர்க்கப்பட்டனர் என்ற உவமையை அவரே எழுதினார். 1967இல் புரூனோ பெற்றல்ஹைம் அதனை மேலும் கொண்டுசென்று, தாம் கைதியாயிருந்த நாற்சி முகாம்களோடு இக்குழந்தைகளின் வீடுகளை ஒப்பிட்டார். குற்றவாளி தாய். இதற்கு மறுப்பு 1964இலேயே, ஓட்டிசப் பிள்ளையின் தந்தையாகிய பேர்னாட் றிம்லன்ட் எழுதிய நூலில் வந்துவிட்டது. 1977இல் சூசன் போல்ஸ்ரைனும் மைக்கல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து பரம்பரையின் பங்கை நிறுவினர்: ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 இணைகளுள் நான்கில் இருவருக்கும் ஓட்டிசம் இருந்தது, வேறுவேறு கருவிலிருந்து வந்த 10 இணைகளில் ஒன்றிலேனும் இருவருக்கும் இருக்கவில்லை. அதன் பின்னரும் குற்றவாளியைத் தேடும் பணி ஓயவில்லை. 1998இல் லண்டனில் 12 பிள்ளைகளைப் பற்றிய கட்டுரையொன்று தடுப்பூசியின்மீது ஐயத்தைக் கிளப்பியது. அக்கட்டுரை 2010இல் மீளப்பெறப்பட்டு, அதன் முதன்மை ஆசிரியர் மருத்துவப் பதிவிலிருந்து நீக்கப்பட்டார். இடைப்பட்ட 12 ஆண்டுகளில் சின்னமுத்து மீண்டது. 2025 செப்டெம்பரில் வெள்ளை மாளிகையிலிருந்து வந்த அறிவிப்பு, கருவுற்ற காலத்திற் காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் உட்கொண்ட தாயின்மீது விரல் நீட்டியது. சுவீடனில் ஏறத்தாழ 24 இலட்சம் குழந்தைகளை ஆராய்ந்து 2024இல் வெளிவந்த ஆய்வு, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைத் தம்முள் ஒப்பிட்டபோது அத்தொடர்பு மறைவதைக் காட்டியிருந்தது. அறிவித்தோர் அதனைப் பொருட்படுத்தவில்லை. எங்கு சுற்றினும் வினா தாயிடமே வந்து நிற்கின்றது.

சேதத்தின் மறுபக்கம் பழுதுபார்த்தல். சேதம் நடந்துகொண்டிருக்கின்றது, நாள் கடந்தால் மேலும் கெடும் என்று கேட்ட பெற்றோர் காத்திருக்கமாட்டார், காத்திருக்கவும் கூடாது. ஆகவே விற்பவன் வருகின்றான். 1998இல் செக்கிரீற்றின் என்னும் குடற் சுரப்பு மூன்று குழந்தைகளுக்குப் பயன்தந்ததாக வந்த செய்தியை நம்பி ஆயிரக்கணக்கான பெற்றோர் அதனைத் தேடி அலைந்தனர். 1999இல் 60 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்ட முறையான சோதனையில் அது உப்புநீரிலும் மேலானதாகக் காணப்படவில்லை. அம்முடிவு அறிவிக்கப்பட்ட பின்னரும், அதிற் பங்குபற்றிய பெற்றோருள் 69 சதவீதத்தினர் அம்மருந்தில் நாட்டம் உடையோராகவே இருந்தனர். இதனைப் பேதைமை என இகழ்வோர் மனிதரை அறியாதோர். 2005இல் பென்சில்வேனியாவில், உடலிலுள்ள பார உலோகங்களை அகற்றுவதாகக் கூறி நாளத்தினூடாக ஏற்றப்பட்ட மருந்தினால் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அவன் குருதியிலிருந்த கல்சியம் உயிர்தாங்க இயலாத அளவுக்கு வீழ்ந்திருந்தது. தாய்மாரைப் பழியினின்று விடுவித்த றிம்லன்டின் நிறுவனமே 1995 முதல் இத்தகைய உடற்சிகிச்சைகளை ஊக்குவித்த மருத்துவர் வட்டமொன்றுக்கு நிலைக்களனாயிற்று என்பது இவ்வரலாற்றின் துயரமான முரண். நரம்பிழைப் புரதத்தின் எண் ஒன்று காகிதத்தில் அச்சாகிக் கையிற் கிடைக்குமாயின், இச்சந்தைக்கு அதனினும் வாய்ப்பான கருவி வேறில்லை. சிகிச்சைக்கு முன் ஓர் எண், பின் ஓர் எண். வயதேற இயல்பாகவே குறையும் புரதம் மருந்தினாற் குறைந்ததாகக் கணக்கெழுதப்படும்.

குருதிப் பரிசோதனையை வேண்டுவோரின் வாதங்களுள் ஒன்று மட்டும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஓட்டிசத்தை உறுதிப்படுத்த இன்றுள்ள வழி, பயிற்சி பெற்றவர் பிள்ளையை நெடுநேரம் அவதானிப்பதும் பெற்றோரை வினவுவதுமே. அத்தகையோர் சிலரே, காத்திருக்கும் பெற்றோர் பலர். இரண்டாம் வயதில் ஐயம் தோன்றிய பிள்ளைக்கு ஐந்தாம் வயதில் விடை கிடைப்பது கொடுமை. விரைவான ஒரு பரிசோதனை இக்கொடுமையை நீக்காதா? நீக்காது. தாமதம் அறிகுறிகள் தெரியாமையாற் பிறந்ததன்று. அறிகுறிகளைக் கண்ட பின் அழைத்துச் செல்வதற்கு ஆள் இல்லாமையாற் பிறந்தது. மேலே கூறிய கணக்கின்படி, குருதிப் பரிசோதனை 2,060 பிள்ளைகளை அதே வைத்தியரின் வாசலில் நிறுத்தும். 80 பிள்ளைகளுக்காகப் போதாதிருந்த வரிசை அதனாற் குறுகுமா, நீளுமா? வைத்தியரின் பின்னே நிற்கவேண்டிய பேச்சுப் பயிற்சியாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், விசேட கல்வி ஆசிரியர் ஆகியோரின் எண்ணிக்கையை எப்புரதமும் கூட்டப்போவதில்லை.

புரத ஆய்வை நிறுத்திவிடவேண்டும் என்பது இதன் பொருளன்று. கற்றவற்றைத் திடீரென இழக்கும் சிறு தொகைப் பிள்ளைகளிடத்து, மறைந்திருக்கும் வேறொரு மூளை நோயைக் கண்டறிய நரம்பிழைப் புரதம் உதவக்கூடும். குழந்தைகளின் நரம்புகளை உண்மையாகவே அழிக்கும் அரிய பரம்பரை நோய்கள் சிலவற்றில் அதன் பயன் முன்னரே காணப்பட்டுள்ளது. அவ்வினாவை அவ்வளவில் நிறுத்திக் கேட்கும் ஆய்வு வரவேற்கத்தக்கது. ஓட்டிசம் முழுவதையும் ஒரு சிதைவாகக் கூறும் தலைப்பின்கீழ் எழுதப்படுவதே மறுக்கத்தக்கது. ஓட்டிசம் உடையோர் வளர்ந்து தாமே பேசத் தொடங்கிய காலம் இது. 1993இல் ரொறன்ரோவில் நடந்த மாநாட்டில் ஜிம் சின்கிளேயர், தம்போன்றோரை இழப்பாகக் கருதிப் புலம்பவேண்டாம் எனப் பெற்றோரை நோக்கிக் கேட்டுக்கொண்டார். தம்மைச் சிதைந்தவர் என அழைப்போரிடம் அதற்குச் சான்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

இலங்கையின் அனுபவம் இவ்விவாதத்துக்குத் தொடர்பற்றதன்று. 2009இல் வெளியான ஆய்வொன்று, நாட்டின் அரைநகர்ப்புறப் பகுதியொன்றில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளை ஆராய்ந்து, 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் இருத்தலைக் காட்டியது. மேலைநாட்டிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட வினாக்கொத்து இங்கு அக்குழந்தைகளின் பெரும்பகுதியைத் தவறவிட்டதும் அவ்வாய்விலேயே தெரியவந்தது. அத்தோல்வியின் பின்னர், குருதியிலே விடை தேடாது, வினாவைக் கேட்கும் முறையை மாற்றினர் கொழும்பு மருத்துவர்கள். பிள்ளையின் நடத்தைகளைச் சொற்களால் அன்றிப் படங்களாற் காட்டித் தாயை வினவும் கருவியொன்றை ஹேமமாலி பெரேராவும் உடன்பணியாற்றியோரும் 2017இல் வெளியிட்டனர். அத்தகைய படங்களைக் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் தம் பையிற் கொண்டு செல்லலாம். யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் மலையகத்துக்கும் ஏற்ப அவற்றைச் சோதித்துச் செம்மை செய்வதற்குப் பல்கலைக்கழகத் துறையொன்றின் சில ஆண்டு உழைப்புப் போதும். பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளை திரும்புகின்றதா, விரல் நீட்டிய திசையில் நோக்குகின்றதா, கண்டதைத் தாய்க்குக் காட்ட ஓடிவருகின்றதா என்று கேட்பதற்கு, இலட்சம் கோடியில் ஒரு பங்கை அளக்கும் பொறி தேவையில்லை.